கமுதி வழக்கை விரலால் திறக்கலாம்

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மதுரை சப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கப்படி அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று 1899இல் தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1908இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் பக்கத்து ஊரில் பிறந்து லண்டன் வரை போன இந்த வழக்கு, இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு நல்ல வழி, டேப்லெட்டுகளோடு ஊர் ஊராகப் போகும் கண்காட்சி.

இது புதிய யோசனை அல்ல. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2015 முதல் ஒரு பேருந்தையே நடமாடும் அருங்காட்சியகமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. மாதிரிப் பொருள்களோடு டேப்லெட்டுகளும் அதில் உண்டு. சட்ட வரலாற்றுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழைய தீர்ப்பை யாரும் பக்கம் புரட்ட முடியாது, திரையில் புரட்டலாம்.

ஆனால் தீர்ப்பை வெறுமனே ஸ்கேன் செய்து டேப்லெட்டில் போட்டால் அது கண்காட்சிக்கான செயலி ஆகாது. கமுதி வழக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் திரையில் வாதியின் பிராது. அடுத்து, தாங்கள் பாண்டிய க்ஷத்திரிய மரபினர் என்ற பிரதிவாதிகளின் வாதம். பிறகு இரு தரப்பு சாட்சியங்கள். அந்த இடத்தில் செயலி நின்று கேட்க வேண்டும்: "நீங்கள் நீதிபதியாக இருந்தால்?" மாணவர் பதிலைத் தொட்ட பின்புதான் 1899இன் தீர்ப்பு திறக்கும். நெடுங்கால வழக்கத்தையே நீதிமன்றம் அளவுகோலாகக் கொண்டது என்பது அப்போதுதான் உறைக்கும்.

தீர்ப்போடு கதையை நிறுத்திவிடக் கூடாது. 1939 ஜூலை 8இல் காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் ஒரு நாடாரும் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். அதே ஆண்டு அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. பிரிவி கவுன்சில் அடைத்த கதவைச் சட்டமன்றம் திறந்த விதத்தை, காலக்கோட்டில் விரலை நகர்த்தியே பார்த்துவிடலாம்.

செயலியில் ஒரு வரைபடமும் இருக்கட்டும். அதில் திருச்சுழியைத் தொட்டால் இந்தப் பகுதியின் சட்ட வரலாற்றில் இன்னொருவர் வருவார்: ரமண மகரிஷியின் தந்தை சுந்தரம் ஐயர். மனு எழுதத் தொடங்கி, சட்டப் பட்டம் இல்லாமலே வழக்காட அனுமதி பெற்றவர்.

கிராமத்துப் பள்ளியில் இணையம் கிடைக்கும் என்று நம்பிச் செயலி செய்யக் கூடாது. படம், ஒலி, ஆவணம் எல்லாம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். வாசிக்கத் திணறுபவருக்குத் தமிழில் குரல் வேண்டும். பிராது, வாக்குமூலம், மேல்முறையீடு போன்ற சொற்களைத் தொட்டால் எளிய விளக்கம் வர வேண்டும். கண்காட்சிச் செயலியை விட்டு வெளியேற முடியாதபடி கருவியைப் பூட்ட வேண்டும். நான்கைந்து பேர் ஒரு டேப்லெட்டைச் சூழ்ந்து நிற்பார்கள் என்பதால் எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது நிதானம். அன்றைய ஆவணங்களில் சாதிகளை இழிவாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அவற்றை மறைத்தால் வரலாறு பொய்யாகும். விளக்கமின்றிக் காட்டினால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை புண்படும். ஒவ்வொரு திரையையும் வரலாற்று ஆசிரியரும் வழக்கறிஞரும் பார்த்துத் திருத்திய பிறகே கண்காட்சி கிளம்ப வேண்டும்.

மூலப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. பிரிவி கவுன்சில் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் அச்சாகியிருக்கிறது. அதை நல்ல தமிழுக்குக் கொண்டுவரும் பொறுப்பை வரலாற்று மாணவர்களும், செயலியாக்கும் பொறுப்பைக் கணினி மாணவர்களும் எடுத்துக்கொண்டால், முதல் பதிப்பை அருப்புக்கோட்டைக் கல்லூரிகளிலேயே உருவாக்கி, கமுதிப் பள்ளி ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம்.