அய்ன் ராண்ட் ஏன் பழமைவாதி அல்ல

வரியைக் குறை, அரசே விலகி நில் என்று முழங்கும் அமெரிக்க வலதுசாரிகளின் பட்டியலில் அய்ன் ராண்டின் பெயர் தவறாமல் இடம்பெறும். ஆனால் 1957இல் அவருடைய ‘அட்லஸ் ஷ்ரக்டு’ நாவல் வந்தபோது அதைக் கிழித்துத் தொங்கவிட்ட இதழ்களில் ஒன்று, பழமைவாதிகளின் கோட்டையான ‘நேஷனல் ரிவியூ’. கம்யூனிசத்தைக் கைவிட்டுக் கிறிஸ்தவரான விட்டேக்கர் சேம்பர்ஸ்தான் அந்த மதிப்புரையை எழுதினார். சோவியத் ஆட்சியை வெறுத்த இருவரும் மோதிக்கொண்டதற்குக் காரணம், அந்த வெறுப்புக்கு அவரவர் சொன்ன நியாயம். கடவுள் இல்லை, பகுத்தறிவே வழிகாட்டி, தனிமனிதனின் வாழ்வு அவனுக்கே சொந்தம். இங்கிருந்துதான் ராண்ட் தனிமனித உரிமைக்கும், அதிலிருந்து சந்தைக்கும் வருகிறார். பழமைவாதியோ சமயத்திலிருந்தும் முன்னோர் விட்டுச்சென்ற ஏற்பாடுகளிலிருந்தும் தொடங்குகிறார். ஒருவரின் தனியறிவு சிறியது, தலைமுறைகள் சேர்த்த அனுபவமே பெரியது என்று பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1790இல் வாதிட்டதே இந்த மரபின் மூலதனம். சுதந்திரத்துக்கு நம்பிக்கையையும் மரபையும் மட்டும் ஆதாரம் காட்டினால், பகுத்தறிவை எதிராளியிடம் ஒப்படைத்ததாகிவிடும் என்பது ராண்டின் கோபம். 1960இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைக்குப் பழமைவாதத்தின் இரங்கல் குறிப்பு என்றே தலைப்பு வைத்தார்.

முடிவு ஒன்றாக இருக்கும்போது காரணம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். 1947இல் நாடாளுமன்றக் குழுவின் முன் கம்யூனிச எதிர்ப்புச் சாட்சியம் சொன்னதும், 1964இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரை ஆதரித்ததும் அவரே. ஆனால் பொது எதிரி இருந்தவரைதான் அந்த உறவு. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்றார். அதை எதிர்த்த ரீகனை 1980இல் ஆதரிக்க மறுத்தார். ஒருவனின் உயிர் அவனுடையது என்றால் அரசு அவனைக் கட்டாயமாகப் படைக்கு இழுக்கவும் முடியாது என்பதால், வியட்நாம் போர்க்காலத்தில் கட்டாய ராணுவச் சேவையையும் எதிர்த்தார். காரணம் வேறானால் முடிவும் என்றாவது பிரியத்தான் செய்யும்.

பர்க்கின் பக்கமும் ஒரு வலுவான கேள்வி உண்டு: பகுத்தறிவே தலைவன் என்றால், அது தடம் புரளும்போது தட்டிக்கேட்பது யார்? பகுத்தறிவைப் போற்றிய ராண்டின் வட்டமே மாற்றுக் கருத்தைப் பொறுக்காததாக இருந்தது. நெருங்கிய சீடர் நதேனியல் பிராண்டனையே 1968இல் அவர் விலக்கிவைத்தார். இதை அவருடைய தத்துவத்தின் பலவீனமாக எழுதலாம், நானும் எழுதுவேன். அதற்காக அது பழமைவாதம் ஆகிவிடாது. பழமைவாத அரசியல்வாதிகளுக்கே இது தெரியும். பொதுவாழ்வுக்கு வர ராண்டின் எழுத்தே காரணம் என்று 2005இல் சொன்ன பால் ரயன், குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான 2012இலோ, அது நாத்திகத் தத்துவம், தனக்கு வேண்டாம் என்றார். கத்தோலிக்கரான அவர் தன் வழிகாட்டியாகக் காட்டியது தாமஸ் அக்வினாஸை.