திரையில் ஓர் ஆட்டுக்கிடை

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஆட்டுக்கிடையை எங்கே பார்ப்பது? திரையில்தான். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலை, 2003-இல் ‘ஒருத்தி’ என்ற படமாக எடுத்தார் அம்ஷன் குமார். கதை நடப்பது கரிசல் சீமையில். பல வீட்டு ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து மேய்த்து, இரவில் ஒரு நிலத்தில் கிடை போடுவார்கள். விடிவதற்குள் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரமாகிவிடும். அதற்கு நிலக்காரர் கூலி தர வேண்டும். மேய்க்க வந்த காதலர் இருவர் தம்மை மறந்திருந்த வேளையில், ஆடுகள் பருத்திக்காட்டில் புகுந்துவிடுகின்றன. ஊர் கூடி விசாரிக்கிறது. காதலுக்குக் குறுக்கே நிற்பது, வழக்கம்போல, சாதி.

கசாக்ஸ்தான் புல்வெளியில் எடுத்த ‘துல்பான்’ படத்திலோ சிக்கலே வேறு. கல்யாணம் ஆனால்தான் மந்தை கிடைக்கும் என்கிறார்கள், மேய்ப்பனாக விரும்பும் நாயகன் ஆசாவிடம். அந்த வட்டாரத்தில் இருப்பதோ ஒரே பெண். அவளும், “காது பெரிசு” என்று மறுத்துவிடுகிறாள்! 2008 கோவா திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்ற படம் இது.

இரண்டையும் தேடிப் பாருங்கள். ‘ஒருத்தி’க்கு முன்னால் ‘கிடை’யைப் படித்துவிடுங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.