வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்: வீடியோவில் ஒலி விலகுவது ஏன்?

வீடியோ எடிட்டிங் பற்றி நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். "ஆரம்பத்துல எல்லாம் சரியா இருக்கு. போகப்போக வாய் அசையறது ஒண்ணு, கேட்கறது ஒண்ணுன்னு ஆயிடுது. என்ன பண்றது?"

பெரும்பாலானவர்கள் உடனே ஆடியோவைப் பிடித்து இழுத்து நகர்த்துவார்கள். கடைசிப் பகுதி சரியாகிவிடும். திரும்பப் போய்ப் பார்த்தால் ஆரம்பம் கெட்டிருக்கும்! ஆகவே கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: விலகல் முழுக்க ஒரே அளவில் இருக்கிறதா, இல்லை நேரம் ஆக ஆக வளர்கிறதா?

ஒரே அளவென்றால் நகர்த்தினால் போதும். அதற்கும் முன்னால் காதில் மாட்டியிருக்கும் ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு, ஒயர் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். ப்ளூடூத்தே 100, 200 மில்லி விநாடி தாமதம் கொடுக்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

எவ்வளவு விலகினால் நமக்குத் தெரியும்? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்று, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடிப்பார்கள் என்கிறது. பிந்தினால் 125 வரை தெரியாதாம். ஏன் இந்தப் பாரபட்சம்? இயற்கையில் மின்னல் முதலில், இடி பிறகுதான். ஒலி பிந்துவது மூளைக்குப் பழக்கம். ஒலி முந்துவது எங்குமே நடப்பதில்லை. அதனால் சந்தேகம் இருந்தால் ஒலியைக் கொஞ்சம் பிந்த விடுங்கள்.

வளரும் விலகலுக்குத்தான் துப்பறிய வேண்டும். நல்ல விஷயம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தனி எண் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு மணி நேரப் பதிவு 65 நிமிடம் 18 விநாடியாக நீண்டுவிட்டதா? குரலும் முக்கால் கட்டை போல இறங்கியிருக்கிறதா? விநாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவானதை எங்கோ 44,100 என்று நினைத்து வாசிக்கிறார்கள். (இந்த 44,100 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். 50 ஃபீல்டு, ஃபீல்டுக்கு 294 வரி, வரிக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்கள். சிடி வந்தபோது அதே எண் ஒட்டிக்கொண்டது.)

மணிக்கு 3.6 விநாடியா? 29.97 ஃப்ரேமை 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் கலர் டிவி வந்தபோது, நிற சமிக்ஞை ஒலியோடு மோதாமல் இருக்க ஃப்ரேம் வேகத்தை 1001க்கு 1000 என்று குறைத்தார்கள். அந்தச் சமரசம் இன்னமும் நம் கேமரா மெனுவில் உட்கார்ந்திருக்கிறது. டைம்லைனின் வேகத்தை மாற்றினால் தீர்ந்தது.

விலகல் சீராக வளராமல் திடீர் திடீரென்று தாவுகிறதா? அது மொபைல் வீடியோ. வெளிச்சம் குறைந்தால் மொபைல் தானாகவே ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். 24 ஃப்ரேமில் 10 நிமிடம் ஓடினால் 14,400 ஃப்ரேம். எடிட்டர் அதை 30 என்று நினைத்து ஓட்டினால் 8 நிமிடத்தில் முடித்துவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று காட்டும். ஹேண்ட்பிரேக்கில் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்வு செய்து, புதுக்கோப்பு எடுத்து அதில் எடிட் செய்யுங்கள். மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கடைசி வகைதான் எனக்குப் பிடித்தது. ஏற்றம் இறைத்த காலத்தை நினைவில் வைத்திருந்த ஒரு பெரியவரை என் நண்பர் பேட்டி எடுத்திருந்தார். படம் மொபைலில், ஒலி தனி ரெக்கார்டரில். கிளாப் அடிக்கவில்லை. பெரியவர் சில மாதங்களில் காலமாகிவிட்டார், இனி மறுபடி எடுக்க வழியில்லை. ஏற்றப்பாட்டுப் பாடும்போது அவர் மூச்சு வாங்கும் இடமும் கை இழுக்கும் இடமும் ஒன்றாக வருகின்றன. கால் விநாடி தப்பினாலும் அந்தச் சான்று போய்விடும்.

ஹேண்ட்பிரேக்கில் மாற்றிய பிறகும் கடைசியில் கொஞ்சம் விலகல் மிச்சம். இரண்டு கருவிகளிலும் தனித்தனி குவார்ட்ஸ் கடிகாரம். இரண்டும் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வித்தியாசம் சாதாரணம். ஆனால் கிளாப் இல்லாமல் எதை வைத்து அளப்பது?

தொல்காப்பியம் பிறப்பியல் கைகொடுத்தது. ப், ம் இரண்டும் உதடு இரண்டும் சேரப் பிறப்பவை என்கிறது அது. க, ட எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்துவிடும், படத்தில் தெரியாது. ப, ம கண்ணுக்குத் தெரியும். ஆனால் ம சொல்லும்போது மூக்கு வழியே ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். 'அம்மா'வில் அலைவரைபடம் எங்கே திறக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது. 'அப்பா' அப்படியில்லை. உதடு மூடி, கிட்டத்தட்ட முழு அமைதி, பிறகு வெடிப்பு. அலைவரைபடத்தில் தட்டையான பள்ளமும் உடனே ஒரு முள்ளும். படத்தில் உதடு பிரியும் முதல் ஃப்ரேம். சினிமாக்காரர்களின் கிளாப் பலகை செய்வதும் இதே வேலைதானே? தமிழில் இரட்டிக்கும் ப் வரும் சொற்களுக்குப் பஞ்சமா என்ன? எப்போ, தப்பு, உப்பு, இப்படி.

பெரியவர் முதலில் "எங்கப்பா" என்ற இடத்தையும், கடைசியில் "அப்போ" என்ற இடத்தையும் எடுத்துக்கொண்டேன். படத்தில் இடைவெளி 2,838.40 விநாடி. ஒலியில் 2,838.62. வித்தியாசம் 0.22, அதாவது பத்து லட்சத்தில் சுமார் 78 பங்கு. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீட்' போய் 0.008 விழுக்காடு கூட்டினேன். 'சேஞ்ச் டெம்போ' வேண்டாம். அது சுருதியைக் காப்பாற்றுகிறேன் என்று ஒலியை வெட்டி ஒட்டும், பாட்டில் கரகரப்பு வரலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி நகர்வது யார் காதுக்கும் எட்டாது. பிறகு "எங்கப்பா"வை உதட்டோடு பொருத்தினேன். நடுவில் வேறு மூன்று 'ப்ப' பார்த்தேன், மூன்றும் ஒரு ஃப்ரேமுக்குள் உட்கார்ந்தன.

நடுவில் சரிபார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். இரண்டு முனையும் பொருந்தி நடுவில் மட்டும் விலகினால், கடிகாரம் காரணமில்லை, எங்கோ ஃப்ரேம் விழுந்திருக்கிறது. அப்போது மொத்தமாக இழுக்காமல், பேச்சு நிற்கும் இடத்தில் ஒலியை வெட்டி, துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். வெட்டிய இடத்தில் அமைதியை ஒட்டாமல், அதே அறையில் அல்லது வயலில் பதிவான வெற்று ஒலியைக் கொஞ்சம் எடுத்து நிரப்புங்கள்.