ஒரே எஞ்சின், இரண்டு உடம்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதன் எஞ்சினும் தனி நிபுணர் மட்டுமே கைவைக்கக்கூடிய ஒன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. 1951 இல் ஒஸ்டின் ஏ30 என்ற சிறு குடும்பக் காருக்காக 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவில், அதாவது நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் இடத்தின் மொத்த அளவில், உருவான எஞ்சின், அடுத்த ஆண்டு ஒஸ்டினும் மொறிஸும் ஒரே நிறுவனமானபோது மொறிஸ் மைனருக்குள்ளும் புகுந்தது. 1956 இல் 948 கன சென்ரிமீற்றராகப் பெருத்து மைனர் 1000 என்ற பெயருக்குக் காரணமானது. அதே 948 எஞ்சினில், காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபுரேட்டர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டைப் பூட்டி, வால்வு ஸ்பிரிங்குகளையும் வேறு சிலவற்றையும் மாற்றி, 1958 இல் ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரில் வைத்தார்கள். 1961 இல் எம்.ஜி. மிட்ஜெட்டும் அதே வழியில் வந்தது. மைனர் 1000 இன் வலு 37 குதிரைவலு, முதல் ஸ்ப்ரைட்டின் வலு 43 குதிரைவலு. பந்தயக் கார் என்று பெயரெடுத்ததற்கும் பள்ளிக்கூடத்து அதிபர் ஓட்டிய காருக்கும் இடையே இருந்தது ஆறு குதிரைதான்.

ஏ வரிசை என்று அழைக்கப்பட்ட இந்த எஞ்சின், மினி காரில் 2000 ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. இலங்கையில் இதற்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இலேயே தொடங்கியிருந்த நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் புதிய சரக்கன்று என்றாலும், மக்களிடம் நிலைத்தது மொறிஸ் மைனர்தான்; இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், அவற்றுக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்க இலங்கையையே நாடினார் என்பதிலிருந்து இங்கிருந்த கைத்திறனை மதிப்பிடலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய காரைக் கழித்துவிட நினைத்தவர்களும் அதைத் திருத்தி ஓட்டவே வேண்டியிருந்தது.

அம்பாறைக் கரையோரத்தின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில், பழைய எஞ்சினைத் திருத்தும் அறிவு காரிலிருந்து மட்டும் வந்ததன்று. வயலுக்குப் போகும் மெஸ்ஸி பேர்குசன் உழவு இயந்திரம், நெல் ஆலை, கடலுக்குப் போகும் படகின் எஞ்சின் என்று மூன்று பக்கமிருந்தும் வந்தது. கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதால், கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல் கழுவிப் பார்ப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. வீட்டில் தன் காரைத் தானே பார்க்க விரும்புகிறவருக்கு இந்தப் பழக்கம்தான் முதல் மூலதனம். ஆனால் உழவு இயந்திரத்தில் பழகிய கை, இறுக்கினால் சரியாகும் என்று நம்பும் கை; ஏ வரிசை எஞ்சின் கேட்பது அளவை.

முதலில் ஸ்பேனர். ஜப்பானியக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்த ஊரில் எல்லாருடைய பெட்டியிலும் மில்லிமீற்றர் ஸ்பேனர்களே இருக்கும். இந்த எஞ்சினின் நட்டுகளோ அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீற்றர் என்பதால் 13 ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறிவிடும்; ஏறிவிடுவதுதான் ஆபத்து, ஏனெனில் அந்த 0.3 மில்லிமீற்றர் தளர்வில், துருப்பிடித்து இறுகிய நட்டின் மூலைகள் ஒரே திருப்பில் வழுக்கி வட்டமாகிவிடும். அங்குல ஸ்பேனர்களில் பதினாறில் ஏழு, அரை, பதினாறில் ஒன்பது என்ற மூன்றை மட்டும் வாங்கி வைத்தாலே எஞ்சினின் பெரும்பகுதி வேலை முடியும்.

அடுத்தது பற்றரி. 1960களின் பிற்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் எதிர்முனை இணைகிறது. இது தெரியாமல் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யப்போனால், பம்பரோடு பம்பர் முட்டிய கணத்திலேயே பெரும் பொறி பறக்கும். பலரும் பிற்காலத்தில் இணைப்பை மாற்றிவிட்டிருப்பார்கள் என்பதால் கைநூலை நம்புவதைவிட, பற்றரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் தடித்த வயரைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதே நல்லது. கடற்கரை ஊரில் அந்த வயரின் முனையும் தனிக் கவனம் கேட்கிறது: உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்வதால், உடம்போடு அது சேரும் இடத்தில் துரு ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கும், ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றுவதைக் கண்டு புதிய பற்றரி வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டு உப்புத்தாளும் கொஞ்சம் கிறீஸும் மட்டுமே.

எஞ்சின் சீராக ஓடவில்லை என்றால் எல்லாரும் முதலில் காபுரேட்டரின் திருகாணியைத்தான் திருகுகிறார்கள், ஏனெனில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. சரியான ஒழுங்கு இதற்குத் தலைகீழானது: வால்வு இடைவெளி, பின்னர் பொயின்ட், பிளக், தீப்பொறி விழும் நேரம், கடைசியாகவே காபுரேட்டர். முன்னவை சரியில்லாதபோது காபுரேட்டரைத் திருகுவது, தராசின் தட்டில் கல் ஒட்டியிருக்கப் படியைக் குற்றம் சொல்வது போன்றது.

வால்வு என்பது சிலிண்டருக்குள் பெற்றோல் கலந்த காற்றை விடவும் எரிந்த புகையை வெளியேற்றவும் திறந்து மூடும் கதவு. நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள். ஒவ்வொன்றையும் ரொக்கர் என்ற சிறு நெம்புகோல் அமுக்கித் திறக்கிறது. ரொக்கருக்கும் வால்வின் தலைக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். இது கூடினால் தையல் மெஷின் போலச் சத்தம் கேட்கும், குறைந்தால் சத்தம் கேட்காது, ஆனால் வால்வு முழுமையாக மூடாமல் மெல்ல மெல்லக் கருகும். ஆகவே சத்தமில்லாத எஞ்சினைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது.

எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு இந்த எஞ்சினில் அழகான ஒரு கணக்கு உண்டு. முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டால், எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வையும், ஆறாம் வால்வு திறந்திருக்கும்போது மூன்றாம் வால்வையும் அளக்க வேண்டும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சின் இலேசாகச் சுற்றும்; மைனரில் முன்பக்க ஹாண்டிலாலும், ஹாண்டில் இல்லாத காரில் டொப் கியரில் போட்டு மெல்லத் தள்ளியும் சுற்றலாம். ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகட்டை இடைவெளிக்குள் நுழைத்து இழுத்தால், அது தடையின்றி ஓடவும் கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது. மூடிய புத்தகத்துக்குள் இருந்து ஒரு தாளை உருவுவது போன்ற இலேசான பிடிப்பு வேண்டும். புதியவர் தவறுவது இதற்குப் பிறகுதான்: ரொக்கரின் திருகாணியால் அளவைச் சரிசெய்து அதன் பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் அதோடு சேர்ந்து சற்றே திரும்பிவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர் இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை தகட்டை நுழைக்கிறார், பக்கத்தில் நிற்கும் பையன் “காக்கா, இப்பதானே பாத்தீங்க?” என்று கேட்டாலும் நிறுத்துவதில்லை.

பொயின்ட் என்பது தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து விடும் சிறு இணைப்பு. அதன் வாய் 0.015 அங்குலம் திறக்க வேண்டும், பிளக்கின் வாய் 0.025 அங்குலம். தீப்பொறி ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் சிலிண்டர்களுக்குப் போகிறது; பிளக் வயர்களைக் கழற்றுமுன் துணித்துண்டு கட்டி அடையாளம் வைக்காதவர் இந்த வரிசையை அன்று மனப்பாடம் செய்துகொள்வார்.

இனித்தான் காபுரேட்டர். இந்தக் கார்களிலுள்ள எஸ்.யு. வகைக் காபுரேட்டரில் எஞ்சின் உறிஞ்சும் விசையால் ஒரு பிஸ்டன் மேலெழுகிறது. அதன் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசியும் சேர்ந்து எழும்போது, ஊசி நுழைந்திருக்கும் துளையின் இடைவெளி பெருத்துக் கூடுதல் பெற்றோல் வெளிவருகிறது. பிஸ்டன் தடதடவென்று துள்ளாமலிருக்க மேலே சிறிது ஒயில் ஊற்றப்பட்டிருக்கும். மூடியைத் திருகி எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த ஒயில் வற்றிப்போனதால்தான் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் கார் திணறுகிறது என்பதைப் பலர் கண்டறிவதில்லை. கலவை சரியா என்று பார்க்க, எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டனை, காபுரேட்டரின் அடியிலுள்ள உயர்த்தும் முள்ளால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும்: வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் நிற்கப்போனால் பெற்றோல் குறைவு, ஒரு கணம் மட்டும் கூடித் தணிந்தால் சரி.

ஸ்ப்ரைட்டையும் மிட்ஜெட்டையும் மைனரிலிருந்து பிரிக்கும் உண்மையான வேலை இரண்டு காபுரேட்டர்களும் சம அளவு காற்றை இழுக்கச் செய்வதுதான். அதற்கும் கருவி தேவையில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை முதலில் ஒரு காபுரேட்டரின் வாயிலும் அடுத்து மற்றதன் வாயிலும் வைத்துக் கேட்டால், சீறும் ஒலியின் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்வரை திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அந்நேரம் தெருவில் லவுட்ஸ்பீக்கர் கட்டிய வண்டி போகாமலிருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.

ஒயில் மாற்றுவதில் விளக்க அதிகமில்லை: 20டபிள்யூ50 வகை ஒயில், ஏறத்தாழ மூன்றரை லீற்றர், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. ஆனால் ஒயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற ஒன்று படிந்திருப்பதைக் கண்டதும் எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுவுக்குப் போய்வரும் சில நிமிட ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் ஒயிலோடு கலந்து அந்த வெண்ணெயாகிறது. அக்கரைப்பற்று வரை ஒருமுறை நிற்காமல் ஓட்டிவந்து பார்த்தபின்னும் அது இருந்தால், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால், தண்ணீர் காரணமின்றிக் குறைந்தால் அப்போது கவலைப்படலாம். ரேடியேட்டருக்குக் கிணற்று நீரை ஊற்றும் வழக்கத்தையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். கரையோர மணலில் தோண்டிய கிணறுகளின் நீர் உவர்ப்பேறக்கூடியது, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பல கிணறுகள் உப்பாகிப்போனதை ஊரே அறியும். உப்பு நீர், எஞ்சினின் இரும்பும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வாயிலுள்ள அலுமினிய மூடியும் சேரும் இடத்தில் அலுமினியத்தைத் தின்னும், மூடி தன் ஆணிகளோடு ஒட்டிக்கொண்டு உடைத்தால்தான் வரும் என்ற நிலைக்குப் போகும்.

ஹெட்டைக் கழற்றுவதுதான் வீட்டு வேலையின் எல்லை. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டை ஒன்பது நட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் நான்கு ரொக்கர்களைத் தாங்கும் தூண்களின் வழியாகச் செல்வதால், ரொக்கரை மட்டும் எடுக்கிறேன் என்று அந்த நான்கைத் தளர்த்தியவர் ஹெட்டைக் கோணலாக இழுத்துவிட்டதாகவே கணக்கு. தண்ணீரை வடித்து, ஒன்பதையும் ஒழுங்குமுறையில் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, டோர்க் ஸ்பேனரால், 40 இறாத்தல்-அடி வரை. ஹெட்டின் முகம் வளைந்திருந்தாலோ வால்வு அமரும் வட்டம் தேய்ந்திருந்தாலோ லேத் வேலைத்தளத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபின் இந்தத் தேய்வுக்குத் தனிக் காரணமும் சேர்ந்தது: வால்வு ஒவ்வொரு முறையும் மோதும் அந்த இரும்பு வட்டத்துக்கு ஈயம் ஒரு மெத்தைபோல இருந்தது, அது போனதும் வட்டம் உள்வாங்கி, வால்வு மேலேறி, 0.012 அங்குல இடைவெளி தானாகவே சுருங்கத் தொடங்கும். எக்ஸோஸ்ட் வால்வுகளின் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வருகிறதென்றால் கடினமான இரும்பு வளையம் பதிக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே இந்தக் கரையோரத்தில் அதிகம். 2022 இல் பெற்றோல் வரிசைகளும் கியூஆர் ஒதுக்கீடும் வந்தபோது மாதக்கணக்கில் நின்றுவிட்ட கார்களில், காபுரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலிருந்த பெற்றோல் வற்றிப் பிசினாகிப் படிந்தது. நின்ற காரை மீண்டும் எழுப்புகிறவர் ஸ்டார்ட்டரைத் தொடுமுன் பழைய பெற்றோலை வடித்து, பிளக் துளைகளில் சில துளி ஒயில் விட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். பிறகு மைனரிலும் பிற்கால மிட்ஜெட்டிலும் சாவியைத் திருப்பினால் மின்சாரப் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும்; கிண்ணம் நிறைய நிறைய அது தளர்ந்து நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது; சாவியை உடனே திருப்பி நிறுத்திவிட்டு, பொனெட்டைத் தூக்கி மூக்கால் தேட வேண்டும்.