முன்பல் சந்து: மூடுவதற்கு முன் வயதைக் கேளுங்கள்

பால்பல் விழுந்து, மேல்வரிசையில் பெரிய பற்கள் முளைத்த எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படாத பெற்றோர் குறைவு. பற்கள் முகத்துக்குப் பெரிதாகத் தெரியும். விசிறிபோல விரிந்து, நடுவில் சந்து விட்டு நிற்கும். 'சந்துப்பல் அதிர்ஷ்டம்' என்று பாட்டி சொல்வார். கிளிப் போட எவ்வளவு ஆகும் என்று அப்பா விசாரிக்கத் தொடங்குவார். பாட்டி சொல்வதில் அறிவியல் கிடையாது. ஆனாலும் பொறுத்திருக்கலாம் என்ற அளவில் நியாயம் பெரும்பாலும் அவர் பக்கமே.

காரணம் ஈறுக்கு மேலே ஒளிந்திருக்கிறது. மேல் கோரைப்பல், மூக்கின் ஓரமாக, தாடை எலும்பில் வெகு உயரத்தில் உருவாகிறது. வாய்க்குள் அது தலைகாட்ட 11, 12 வயதாகும். இறங்கி வரும் வழியில் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை நடுப்பக்கமாக நெருக்கும். வேர் உள்ளே போக, வெளியே தெரியும் பல் எதிர்ப்பக்கம் சாயும், சந்து விழும். இன்னும் கீழே இறங்கியதும் அதே கோரைப்பல் அந்தப் பல்லின் வெளியே தெரியும் பகுதியை நடுவை நோக்கித் தள்ளும். இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள சந்து பெரும்பாலும் இப்படியே தானாக மூடிக்கொள்ளும். அமெரிக்கப் பல் மருத்துவர் பிராட்பென்ட் 1937இல் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று பெயர் வைத்தார். பிள்ளையின் காதில் விழாமல் சொல்ல வேண்டிய பெயர்!

எல்லாச் சந்தும் இப்படி மூடாது. இரண்டு முன்பற்களுக்கும் நடுவே எலும்புக்குள் ஓர் உபரிப் பல் புதைந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். பக்கத்து வெட்டுப்பல் உருவாகாமலே போயிருக்கலாம். மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் தசைப்பட்டை தடித்திருக்கலாம். நாற்பது வயதுக்காரருக்குப் புதிதாகச் சந்து விழுகிறதென்றால் கதையே வேறு: ஈறு நோயால் எலும்பு கரைந்து, பல் நகர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அவருக்கு முதலில் தேவை ஈறு வைத்தியம், கிளிப் அல்ல.

சந்தைப் பார்த்துப் பதறுகிற பலர், கடியைக் கவனிப்பதில்லை. பிள்ளையைக் கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் நின்று, அதில் மூன்றில் ஒரு பங்கு வரை மறைத்தால் சரி. மேல்பல் ஒன்றாவது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், அது காத்திருக்காது. ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் முன்னால் தள்ளப்படும், அதன் ஈறு இறங்கும், பல் தேயும். இதை ஏழெட்டு வயதிலேயே சரிசெய்வது சுலபம். விரல் சூப்புவதால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்து நிற்பதும் உண்டு. நிலைப்பற்கள் முளைக்குமுன் பழக்கம் நின்றால் அது பெரும்பாலும் சீராகிவிடும்.

கிளிப் பல்லை நகர்த்துவது வெறும் இழுவையால் அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அது அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை தொடங்கும். இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளரும். அதனால்தான் பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகர்கிறது. கிளிப்பைக் கழற்றியபின் ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். பல்லைப் புது இடத்திலேயே நிறுத்தி வைக்கும் ரீட்டெய்னரைப் போடச் சொல்வது அதற்காகவே. அதை மேசை டிராயரில் போட்டு வைப்பவர்களுக்குச் சந்து திரும்பி வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு முன்பற்களையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டினால் சந்து மூடிவிடும் என்று வீடியோ பார்த்து முயல்பவர்கள் இருக்கிறார்கள். பல்லின் வேர் மேலே போகப் போகக் குறுகும். ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். வெளியில் தெரியாமலே நாரையும் எலும்பையும் அழித்து, ஆரோக்கியமான இரண்டு பற்களையும் ஆட்டம் காணச் செய்துவிடும். பற்களையே இழந்தவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.