கலங்கல் இன்சுலினும் நாற்பது யூனிட் சிரிஞ்சும்

இன்சுலின் போட ஆரம்பித்த புதிதில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். பாட்டிலில் மருந்து வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? இல்லை; சில வகை இன்சுலின் இயல்பிலேயே கலங்கல்தான். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

டென்மார்க்கில் பிறந்த கலங்கல்

1920இல் நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக், கோபன்ஹேகனைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி மரீ ஒரு டாக்டர். அவருக்கே சர்க்கரை நோய். 1922இல் இருவரும் அமெரிக்கா போயிருந்தபோது, டொரன்டோவில் கண்டுபிடித்த இன்சுலினைப் பற்றி விசாரிக்கும்படி கணவரைத் தூண்டியவர் அவர்தான். க்ரோக் அதைத் தயாரிக்கும் அனுமதியோடு திரும்பினார். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, 1923இல் டென்மார்க்கில் இன்சுலின் தயாரிக்கத் தொடங்கினார்.

அன்றைய இன்சுலின் சில மணி நேரத்துக்கே தாங்கும்; ஒரே நாளில் பல ஊசிகள். 1936இல் ஹேகடோர்ன், மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை அதோடு சேர்த்தார். மருந்து தோலுக்கடியில் தங்கி மெல்லக் கரைந்தது. அந்த வழியில் 1946இல் வந்ததுதான் என்.பி.எச். இன்சுலின். அந்த 'எச்' ஹேகடோர்னின் முதலெழுத்து. நம் ஊரில் பலர் போடும் 30/70 இன்சுலின் கலவை கலங்கலாக இருப்பதற்கும் அதில் உள்ள என்.பி.எச்.தான் காரணம்.

குலுக்காதீர்கள், உருட்டுங்கள்

கலங்கல் மருந்து அடியில் படிந்துவிடும். உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். நிறம் சீரான பிறகே போட வேண்டும். கட்டி கட்டியாகவே நின்றால் வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் போடாதீர்கள்.

ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலடியில் கொழுப்பு தடித்து, மருந்து ஒழுங்காகச் சேராது. வயிறு, தொடை என்று இடம் மாற்றுங்கள்.

சிரிஞ்சில்தான் ஆபத்து

நம் மருந்துக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சர்க்கரை சரிந்து நினைவு தப்பலாம். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் பாதி மருந்துகூடச் சேராது. டென்மார்க் நிறுவனமொன்று 1985இல் கொண்டுவந்த பேனாவில் அளவைத் திருகி வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் விலை கருதி, சிரிஞ்சை விடாதவர்களே இங்கு ஏராளம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதில் உள்ள எண்ணுக்குரிய சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.