காண்பதும் கவனிப்பதும்: டாலிகஞ்ச் தரும் சிந்தனை

பற்றாக்குறைப் பண்டங்கள் என்றால் நிலம், மூலதனம், அன்னியச் செலாவணி ஆகியவற்றையே நாம் எண்ணுவது வழக்கம். கவனமும் அத்தகைய பண்டமே என்று 1971-இல் எடுத்துரைத்தார் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். செய்தி பெருகப் பெருகக் கவனம் அருகும் என்பது அவர் வாதம். தனிமனிதரைப் பொறுத்தவரை இஃது எளிதில் விளங்கும். ஆனால் ஒரு சமுதாயம் கவனிக்கிறது என்பதன் பொருள் யாது? மக்கள் அனைவரும் ஒன்றைக் கண்டுவிட்டால் போதுமா?

போதாது என்பதற்கு 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் சான்று. கிராமங்களிலிருந்து வந்தோர் கல்கத்தாவின் நடைபாதைகளில் மடிந்தனர். அதைக் காணாத நகரவாசி இல்லை. எனினும் பஞ்ச விதித் தொகுப்பின்படி பஞ்சம் என அரசு அறிவிக்கவேயில்லை. அறிவித்தால் நிவாரணக் கடமைகள் பின்தொடரும் அல்லவா? ஆகஸ்டு 22 அன்று, அயன் ஸ்டீபன்ஸ் ஆசிரியராக இருந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் பட்டினியால் வாடியோரின் படங்களை வெளியிட்டது. நகரவாசிக்கு அவற்றில் புதிய செய்தி ஏதுமில்லை. ஆயினும் தாம் கண்டதைப் பிறரும் கண்டனர், அதை ஆட்சியாளரும் அறிவர் என்பதை அன்று ஒவ்வொருவரும் அறிந்தனர். எல்லோரும் அறிந்திருப்பது வேறு. எல்லோரும் அறிவர் என்பதையும் எல்லோரும் அறிந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969-இல் நுணுக்கமாக ஆராய்ந்தார். டில்லியும் லண்டனும் இனி மறுக்க இயலாத நிலை தோன்றியது. அக்டோபரில் வைஸ்ராய் பொறுப்பேற்ற வேவல் பிரபு நிவாரணப் பணியில் இராணுவத்தை ஈடுபடுத்தினார். மாண்டோர் 15 இலட்சம் என்றது விசாரணைக் குழு. பின்னைய மதிப்பீடுகள் 30 இலட்சம் வரை செல்கின்றன.

சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்றார் அமர்த்தியா சென். அத்தகைய நாட்டிலும் நாட்பட்ட ஊட்டக்குறைவு நீடிக்கக்கூடும் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். படிப்படியாக நேரும் கேடு படத்தில் அகப்படுவதில்லை.

டாலிகஞ்ச் கால்வாய் அவ்வாறானதே. கங்கையின் பழைய போக்கான ஆதி கங்கையை 1770-களில் தூர்வாரிக் கால்வாயாக்கிச் சுங்கம் பெற்றவர் மேஜர் வில்லியம் டாலி. ஊருக்கும் அவர் பெயரே நிலைத்தது. (படப்பிடிப்பு நிலையங்களால் இவ்வூரை அறிந்தோர், கால்வாயால் அறிந்தோரைவிட மிகப் பலர்!) நாளடைவில் கால்வாய் தூர்ந்தது, கழிவுநீர் கலந்தது. 1986-இல் டாலிகஞ்ச் வரை வந்த மெட்ரோ ரயில் 2009-இல் தெற்கே நீட்டிக்கப்பட்டபோது, அதன் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே எழுந்தன. பயணிகள் அந்நீருக்கு மேலேயே செல்கின்றனர். காண்போர் பலர், ஒவ்வொருவரும் தனித்தே காண்கின்றனர்.

நிர்வாகத்திலும் இதே நிலைதான். கால்வாய் மாநிலப் பாசனத் துறையினது, கழிவுநீர் மாநகராட்சியின் பொறுப்பு, தூண்களோ ரயில்வேயினுடையவை. கோப்புகள் மூன்று, ஒவ்வொன்றும் முறையாகவே பராமரிக்கப்படலாம், ஆனால் மூன்றையும் ஒருசேரப் படிப்பவர் யார்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இம்மாசு குறித்து விசாரித்து ஆணைகள் பிறப்பித்ததன் பயனை இவ்வகையிலேயே மதிப்பிட வேண்டும். பல துறைகள் தத்தம் அளவில் அறிந்திருந்ததை அவை ஒரே மன்றத்தில் ஒன்றன் முன் ஒன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவின் அளவை மாதந்தோறும் ரயில் நிலைய வாயிலில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். தூர்வாருவதற்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால், அதற்கான செலவு ஒரு பொருட்டன்று.